கிழியாத ஆறு வாய்கள்

அப்பா, சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் என் விரல்களில் இருந்து மீன் மணம் போகவில்லை. நாளைக்கு உங்கள் எட்டாம் நாள் படையல். நீங்கள் விரும்பிச் சாப்பிட்டவற்றை எல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமென்று, நீங்கள் கடைசியாகப் பிடித்து உறையவைத்த பார்ஷ் என்கிற ஆறு சின்னக் குளத்து மீன்களையும் அம்மா எடுத்துத் தந்தார். செதில் சுரண்டும்போது பார்த்தேன். ஒன்றின் வாயிலும் கிழிசல் இல்லை. நீங்கள் இறந்த அன்றுகூட எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் வரவில்லை.

குளியலறையில் இருந்து எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் காற்றாடியும் சேர்ந்து இரைகிறது. அம்மா எழும்பி வந்தால் இந்தக் கொப்பியை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் மகள் எழுதியதென்று ஒரு பக்கம் வர வேண்டுமாம். நாளைக்கு உங்கள் கூட்டாளி குணம் மாமா அதை வாங்கிக்கொண்டு போய் அச்சுக்குக் கொடுப்பார். "நல்லதாய் எழுது பிள்ளை, சனம் வாசிக்கும்" என்று சொல்லி, 'பாசமிகு தந்தையே' என்ற தொடக்கத்தையும் அம்மாவே எழுதித் தந்துவிட்டார். அதன் கீழே என் பெயர் வரும். பொய் என்னுடையதாகிவிடும்.

இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத் தமிழருக்கு நீங்கள் ஹெக்ட் என்ற பெரிய மீன் பிடிக்கிற ஆள். முழங்கை நீளத்துக்குக் குறைந்த மீனைப் படமெடுக்க விடமாட்டீர்கள். ஹெக்டின் வாய் எலும்பு. கடித்ததும் முழுக்கையாலும் வெட்டி இழுத்தால்தான் தூண்டில் முள் ஏறும். பன்னிரண்டு வருடம் அப்படியே இழுத்தீர்கள். பிறகு தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. பாரமான தூண்டிலை இனித் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உலகக் கிண்ணப் பந்தாட்டத்துக்காகக் கார்களில் எல்லாம் கொடி கட்டித் திரிந்த அந்தக் கோடையில், ஈர்க்கு மாதிரி ஒரு தூண்டில் வாங்கி உள்ளங்கையளவு பார்ஷ் பிடிக்கத் தொடங்கினீர்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட உங்கள் கண்ணுக்கு ஏலவில்லை என்பதால்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள். ஆசையில் இல்லை.

தூண்டில் கடைக்காரர் ஜெர்மன் மொழியில் விரைவாகப் பேசினார். நீங்கள் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"பார்ஷின்ட வாய் தாள் மாதிரியாம் அப்பா. வெட்டி இழுக்கக் கூடாதாம். பாரம் தெரிஞ்ச உடனே மெல்லத் தூக்கட்டாம்."

"ஹெக்ட் பிடிச்ச கைக்கு இவன் பழக்கிறானோ? பொத்தடி வாயை."

அணைக்குளத்தில் நீங்கள் இழுத்த இழுப்பில் மீன்கள் உதடு கிழிந்து தண்ணீரில் விழுந்தன. ஒருமுறை முள்ளில் சின்னத் தோல் மட்டும் வந்தது. என் நிழல் விழுவதாகச் சொன்னீர்கள். தள்ளிப்போய் நின்றேன். நான் மூச்சு விடுவது மீனுக்குக் கேட்கிறதாம். அதற்கும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு தடவை நீங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு குந்தியபோது தூண்டில் என் கையில் இருந்தது. கடித்தது. மெல்லத் தூக்கினேன். வந்தது. அடுத்ததும் வந்தது. நாலாவதற்கு, கூட வந்திருந்த குணம் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணை, பேசாமல் பெட்டையிட்ட ரியூசனுக்குப் போங்கோவன்!"

நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அவரை இறக்கிவிட்ட பிறகு காரில் என்னை அடித்தீர்கள். வலது தோள் உயராததால் இடது கையால். "ஆக்களுக்கு முன்னால என்னைப் பழிக்க வைக்கிறியோ? இனி நீ குளத்துப் பக்கம் வரப்படாது." வாளியில் இருந்த என் நாலு மீனையும் பற்றைக்குள் கொட்டினீர்கள். அன்றிலிருந்து கதவில் உங்கள் திறப்புச் சத்தம் கேட்டால் புத்தகங்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடுவேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தனியாகப் போனீர்கள். நீங்கள் என்ன பிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, பார்க்கவுமில்லை. இன்றுதான் பார்த்தேன். ஆறு வாயிலும் ஊசி குத்திய அளவு துளை. மெல்லத் தூக்கியிருக்கிறீர்கள். கடைக்காரரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவர் பேசுவது உங்களுக்கு விளங்காது. அன்று என் கையைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறீர்கள்.

என் கதவைத் தட்டி "நீ சொன்னது சரி" என்று சொல்ல உங்களுக்கு ஒரு கோடை முழுவதும் இருந்தது. வாய் வரவில்லை. "அப்பாவுக்கு நீயெண்டால் உயிர்" என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்கிறார். அவர்களும் தலையாட்டுகிறார்கள். எட்டு முடியும் முன்பே நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அம்மாவின் தொடக்கத்தைக் கிழித்துவிட்டேன். புதுத் தாளில் எழுதியது இதுதான்: 'என் அப்பா கெட்டிக்கார மீன்பிடிகாரர், பொல்லாத கோபக்காரர். பார்ஷ் பிடிக்க என்னிடம்தான் பழகினார். அதை அவர் சொல்லாததால் நான் சொல்கிறேன்.' கீழே என் பெயர்.

அம்மா பார்க்கும் முன்பு மாமாவிடம் கொடுக்க வேண்டும். "இதை எப்பிடிப் பிள்ளை அடிக்கிறது?" என்று கேட்பார். திறப்புச் சத்தம் கேட்டதுபோல அறைக்குள் ஓடத் தோன்றும். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஓட்டம்தான். ஓடாமல், அவர் தாளை வாங்கும்வரை அந்த இடத்திலேயே நிற்பேன்.