கேட்கலாம், சொல்லக் கூடாது

ஜனவரி 9, செவ்வாய்

மருந்துக்கடை டெக்னீஷியன்களின் கடமை எல்லைகள் பற்றி மாநில வாரியத்தின் சுற்றறிக்கை வந்தது. பதினாறு பக்கம். பத்தொன்பது வருடமாக நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இன்றுதான் தெளிவாயிற்று. மாத்திரை எண்ணலாம், லேபிள் ஒட்டலாம், பணம் வாங்கலாம். மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. கருத்து இருக்கலாமா என்பது பற்றி அறிக்கை மௌனம்.

ஜனவரி 10

இருமல் மருந்தைக் காட்டி ஒரு பெண், "இதைக் குடிச்சா தூக்கம் வருமா?" என்றாள். வரும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. வாசித்துக் காட்டினால் ஆலோசனையாகிவிடுமோ? பாட்டிலை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். திருப்புவதற்குத் தடை இல்லை.

ஜனவரி 16

பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற விர்ஜில் ஹோம்க்விஸ்டுக்குப் புதிதாக ஒரு ஆன்டிபயாடிக். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே தினமும் மாத்திரை தின்கிறவர். இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். காலையிலேயே மருந்தாளுநர் ட்ரெவரிடம் சொன்னேன். திரையைப் பார்க்காமலே, "நான் ஓகே பண்ணிட்டேன், லூஆன். அதைத் தீர்மானிக்கிறது உங்க வேலை இல்ல" என்றார். இருபத்தெட்டு வயது. பட்டம் பெரியது.

ஒன்றரைக்கு அவர் பின்னறையில் சாப்பிடப் போனார். அரை மணி நேரம் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. வாடிக்கையாளர் பேச விரும்பினால் மட்டும் தட்டலாம். அப்போது பார்த்து விர்ஜில் வந்தார்.

மருந்து வாங்க வருகிற எல்லோரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வியைச் சட்டப்படி கேட்டேன்: "மருந்தாளுநரிடம் பேச விரும்புகிறீர்களா?"

"வேணாம்மா."

மறுபடி கேட்டேன். எத்தனை முறை கேட்கலாம் என்று பதினாறு பக்கத்தில் எங்கும் இல்லை. ஏன் கேட்கிறேன் என்றுதான் சொல்லக் கூடாது. சொன்னால் என் உரிமம் போய்விடும். சொல்லாவிட்டால்? ஐயோ, இந்த மனுஷன் "வேணும்"னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன!

"காது போச்சா உனக்கு? வண்டியை ஆஃப் பண்ணாம வந்திருக்கேன்!" என்றார் ஆறாவது முறை.

ஒன்பதாவது முறை கவுன்ட்டரைக் குத்தினார். "பேசறேன்! கூப்பிடு அந்த ஆளை! உன்னைப் பத்திப் புகார் குடுக்கணும்!"

என் பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு கதவைத் தட்டியதில்லை.

வாயோரம் மயோனைஸோடு வந்த ட்ரெவர், புகாரை எழுதுவதற்காக விர்ஜிலின் பக்கத்தைத் திரையில் திறந்தார். முகம் வெளுத்தது. "ஒரு நிமிஷம், சார்" என்று மருந்துப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

பிப்ரவரி 6

ஆபத்தைத் தக்க தருணத்தில் கண்டுபிடித்ததற்காக ட்ரெவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். புகார் வந்ததற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இனிமேல் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். முகத்தில் உணர்ச்சி கூடாது.

ட்ரெவர் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 7

ஆளுக்கு ஒரு முறை கேட்டேன். நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு "வேண்டாம்".

பிப்ரவரி 20

அன்று நான் ஏன் ஒன்பது முறை கேட்டேன் என்று விர்ஜிலுக்குப் புரிந்துவிட்டது. இப்போது தினமும் வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம், "அந்தம்மா கேட்டா வேணும்னு சொல்லுங்கய்யா. அவளால வாயைத் தொறக்க முடியாது. நான் பொழச்சதே அதனாலதான்" என்கிறார். நான் ஒரே முறை, கல் மாதிரி முகத்தோடு கேட்கிறேன். எல்லோரும் வேணும் என்கிறார்கள். மூன்று மணியாகிறது, ட்ரெவர் இன்னும் சாப்பிடவில்லை.

சுற்றறிக்கையைத் திரும்பவும் முழுக்கப் படித்துப் பார்த்தேன். விர்ஜிலின் கடமைகளுக்கு வாரியம் எந்த எல்லையும் வகுக்கவில்லை.