படியேறாத் தூதியின் வருகை அறிவிக்கும் ஓலை

மழை பிழையாது பொழிக. கழிதோறும் உப்பு விளைக. மலைதோறும் மிளகு காய்க்க.

நீள்கழி நாட்டின் நாயகரும், முந்நீர் மூன்று புறமும் அடிவருடப் பெற்றவரும், சுறாக்கொடி உயர்த்தியவருமாகிய வலம்புரியரையர் திருமுன்பு, மஞ்சுவரை நாட்டுக் கோமான் அடலேற்று மாராயரின் ஆணையால், அமைச்சுப் பணியினின்று ஓய்ந்து இந்நாளில் பலாச்சுளை தின்பதையே தொழிலாகக் கொண்ட முதியோன் காரிக்குடையான் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் அந்தப்புரத்திலும் அட்டிற்சாலையிலும் யானைக் கொட்டிலிலும் அனைவரும் நலமென்றே நம்புகிறோம். இங்கு உப்பைத் தவிர யாவும் நலம்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. உப்புப் பெருவழியை மீண்டும் திறப்பது குறித்துப் பேச எம் கோமான் அமர்த்திய தூதி அல்லியங்கோதையார் கால் நடவாதவர் எனக் கேள்வியுற்றதாகவும், அயல்நாட்டார் அரியணைப் படிகளை வெறுங்காலால் ஏறி வந்தே பேசுதல் நீள்கழியின் தூதுமுறை ஆதலின், அங்கம் நிறைந்த வேறொருவரை அனுப்புமாறும் அதில் கண்டிருந்தது. பெருவழி அடைபட்டு ஓராண்டாகிறது. எம் நாட்டுக் குடும்பங்கள் உணவின்முன் அமர்ந்து அழுகின்றன. அந்தக் கண்ணீரையும் வீணாக்காமல் குழம்பில் ஏந்திக்கொள்கின்றன. ஆயினும் வேறொருவர் வரமாட்டார். ஏன் என்று சொல்லப் புகுந்துதான் ஓலை இவ்வளவு நீண்டது. இதற்காக ஒரு பனை மொட்டையாயிற்று.

கேட்டருள்க. அல்லியங்கோதையார் மிளகுச் சந்தையில் பிறந்து வளர்ந்தவர். பிறந்தநாள் தொட்டு அவர் கால்கள் அவரைத் தாங்கியதில்லை. உருளை பூட்டிய தாழ்பலகையில் அமர்ந்து கைகளால் உந்திச் செல்வார். அப்பலகை வரும் வேகம் கண்டு சந்தைக் கோழிகள் இட வந்த முட்டையைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும். பல மொழிகளில் பேரம் பேசுவார். வையத் தெரிந்த மொழிகள் இன்னும் அதிகம். இத்தகையவரைத் தூதாக அமர்த்தாமல் வேறு யாரை அமர்த்துவது? ஆனால் தூதுப் பட்டம் பெற வேண்டுமாயின் அவையேறி மன்னர் கையால் கணையாழி வாங்க வேண்டும். எம் அவையும் குன்றின் மேல்தான் உள்ளது. எம் படிகளும் தங்கள் படிகளுக்குச் சளைத்தவை அல்ல.

படியடியில் வந்து பலகை நின்றது. அவ்வளவுதான், எம் நாட்டு ஞானமெல்லாம் திரண்டு கீழே இறங்கி வந்தது.

முதலில் வந்தவர் இராசகுரு. முற்பிறப்பில் யாரையோ உதைத்த வினை இப்படி உறுத்து வந்தது எனவும், வேள்வி ஒன்று இயற்றினால் வரும் பிறப்பில் கால் நிச்சயம் எனவும் அருளினார். உதைபட்டவர் இன்னார் என்று சுவாமிகள் கூறினால் உதைத்த காரணத்தையும் நினைவுபடுத்திப் பார்க்கிறேன், தக்க காரணமாகத்தான் இருந்திருக்கும் என்று அம்மையார் பணிவுடன் விடையிறுத்தார். அடுத்து அரண்மனை வைத்தியர் குடம் குடமாகத் தைலம் கொணர்ந்தார். அம்மையார் எழுந்து நடந்தாரில்லை. சிந்திய தைலத்தில் வைத்தியர் வழுக்கி விழுந்ததுதான் கண்ட பலன். பின்னர் அறச்சாலை அதிகாரி வந்து, பட்டுடுத்தி அமர்ந்திருந்தவர் மடியில் ஓர் அகப்பை சோற்றை இட்டார். தாயே, நான் நாட்டின் தூதி என்று அம்மையார் சொல்ல, இருக்கட்டும் மகளே, பசிக்கும்போது உண் என்று கண்ணீர் மல்கினாராம். அவைப்புலவரோ, துன்பத்திலும் நகைக்கும் தெய்வமே என்று பாடத் தொடங்கிவிட்டார். தெய்வத்தை மேலே விடுவீர்களா என்று கேட்டதற்கு, தெய்வத்துக்கு அவையில் ஆசனம் இல்லை என்றார்.

இத்தனை பேரும் அவர் காலையே உற்று நோக்கினர். படியை நோக்கியவர் ஒருவருமில்லை.

இறுதியில் படைத்தலைவர் ஒரு வழி கண்டார். அரண்மனையில் இருந்த ஒரே பல்லக்கில் அம்மையாரை ஏற்றி மேலே அனுப்பினார். அங்கேதான் வந்தது வினை. எம் நாட்டில் பல்லக்கேறி அவை புகுவோர் மன்னர் ஒருவரே. திரையைக் கண்டதும் சங்கு முழங்கிற்று. அவையோர் அனைவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தனர். கட்டியங்காரர் கண்ணை மூடிக்கொண்டு விருதுகளை முழக்கினர். பல்லக்குச் சுமந்த சிவிகையாருக்கு இறக்கத் தெரிந்த இடம் ஒன்றே ஆதலால், கொண்டுபோய் அரியணையில் அமர்த்திவிட்டு அவர்களும் விழுந்தனர். எழுக என்று மன்னர் கூறும்வரை தலை தூக்கலாகாது என்பது மரபு. அம்மையார்க்கு அம்மரபு தெரியாது. எல்லோரும் ஏன் படுத்திருக்கிறார்கள் என்று சற்று நேரம் வியந்தார். பிறகு பொழுது வீணாவானேன் என்று, படுத்தபடியே முறையிட்ட அண்ணன் தம்பியரின் பலாமர வழக்கைக் கேட்டுத் தீர்ப்பும் வழங்கிவிட்டார். அத்தீர்ப்பு இன்றும் செல்லும்.

பல்லக்கை இழந்த கோமான் அன்று தம் வாழ்நாளில் முதன்முறையாக அப்படிகளை நடந்து ஏறினார். மேலே வந்து சேர்கையில் மணிமுடி ஒருபுறமும் நாவு ஒருபுறமும் தொங்கின. மன்னர் உள்ளே வீற்றிருக்கிறார், நீர் யார் என்று வாயிலோன் தடுத்தான். மறுமொழி கூற மூச்சு இல்லை. மூச்சு வந்ததும் கோமான் கேட்ட முதற்கேள்வி, இந்தப் படிகளைக் கட்டிய பாவி யார் என்பதே. தங்கள் பாட்டனார் என்று அடியேன் எடுத்துரைத்தேன்.

அவர் சினந்தாரில்லை; சிரித்தார். நாள்தோறும் பல்லக்கு அனுப்புவதாகவும் வாக்களித்தார். அம்மையார் மறுத்தார். தூக்கி வந்தவரைத் தூக்கியே கொண்டுபோக வேண்டும், பேச்சு முறிந்து நான் கோபித்துக்கொண்டு வெளியேற நினைத்தால் சிவிகையார் உண்டு முடித்து வரும்வரை கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதா, நினைத்தபோது வெளியேற முடியாத தூதால் அரசே உமக்கு என்ன பயன் என்று கேட்டார். 

அன்றே கல் கட்டும் கொற்றர் வந்தனர். படிகளின் ஓரமாகக் கல்லும் சுண்ணமும் இட்டுச் சரிவுப் பாதை ஒன்று எழுந்தது. அம்மையார் தாமே ஏறி வந்து கணையாழி பெற்றார். அதன்பின் மிளகு வணிகர் பேச்சில் கோபித்துக்கொண்டு அவர் சரிவில் இறங்கும்போதெல்லாம் எமக்கு விலை சாதகமாயிற்று. இப்போது இராசகுருவும் அவ்வழியேதான் வருகிறார். முழங்காலுக்கும் முற்பிறப்பு உண்டுபோலும்.

தாங்கள் அப்படிகளை இறுதியாக எப்போது நடந்து ஏறினீர்கள் என்று வினவுதல் தூதுமுறை ஆகாது. ஆகவே வினவவில்லை.

எம் கோமான் ஆணை இது. மஞ்சுவரையின் தூதி அல்லியங்கோதையாரே. அவர் சொல் எம் சொல், அவர் சினம் எம் சினம். சரிவு அமைக்க விருப்பமாயின் எம் கொற்றரை அனுப்புவோம். அன்றேல் தாங்கள் இறங்கி வருக. பல்லக்கு அனுப்புவதும் தங்கள் உரிமை. அரியணை அன்று யாருக்கு என்பதை முன்னரே முடிவு செய்துகொள்க.

மலையும் கடலும் உள்ளவரை இவ்வோலை நிற்க. புலி இலச்சினை இட்டு, கோமான் திருக்கைச் சாத்துடன், அஞ்சலோன் வசம் விடுக்கலாயிற்று.

ஓலையின் விளிம்பில், தூதியார் தம் கைப்பட:

முதியவர் எழுதியதில் பாதியைத் தள்ளிக்கொள்க. யான் புறப்பட்டுவிட்டது மட்டும் மெய். சரிவு முடியவில்லையெனில் கவலை வேண்டா, கீழேயே பேசலாம். பாய் நான் கொண்டுவருகிறேன்.