என் விரலுக்குத் திறக்காத போன்

டிசம்பர் 9

இன்றும் என் போனுக்கு என்னைத் தெரியவில்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கையுறை, கழற்றினால் கிருமிநாசினி, மறுபடி கையுறை. விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலை வைத்தாள். திறந்துகொண்டது. இவருடைய விரலுக்கும் திறக்கும். எனக்குத்தான் இல்லை.

பூட்டு எண்ணைப் போட்டுத் திறக்கலாம்தான். அது இவருடைய வண்டி எண். வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

டிசம்பர் 12

ஆண்டிறுதி விடுமுறைக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று மகள் குடும்பக் குழுவில் கேட்டிருக்கிறாள். இவருக்கு மடக்குகிற போன். அவளுக்கு வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன். வெளியூரிலிருந்து நாத்தனார் முந்திக்கொண்டாள்: “அண்ணிக்குத் தரை துடைக்கிற ரோபோ வாங்கிக் குடுங்க. ரொம்ப நாள் ஆசை அவங்களுக்கு.”

என் ஆசையாம்! தரை எல்லோருக்கும் பொது, அதைத் துடைக்கிற ஆசை மட்டும் எனக்குத் தனிச்சொத்து.

டிசம்பர் 13

குழுவில் போடாததை இங்கே போடுகிறேன்.

ரேகை தேய்ந்தவளையும் சொந்தக்காரி என்று நம்புகிற போன். எடுத்துக்கொண்டு போகிறவர் கையைக் கடிக்கிற சார்ஜர். ஊரார் அனுப்பும் காலை வணக்கப் படங்களையெல்லாம் விழுங்கிவிட்டு என்னிடம் ‘இடமில்லை’ என்று சொல்லாத நினைவகம். ‘நீங்கள் இன்று போதுமான அளவு நடக்கவில்லை’ என்கிற கைக்கடிகாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்து வந்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் வாளித் தண்ணீரில் போடுவேன்.

இத்தனை எதற்கு? நான் மூடினால் மூடியே இருக்கிற ஒரு பொருள் போதும்.

டிசம்பர் 17

வேலை முடிந்து பூங்காவில் உட்கார்ந்தேன். யாருக்காகவும் இல்லை, எதற்காகவும் இல்லை. போன் அடித்தது. இவர்தான்.

“பார்க்ல என்ன பண்ற? புள்ளி நகரவே இல்லையே.”

புள்ளி என்பது நான். அவருடைய போனில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் நான் பச்சை நிறம்.

“உக்காந்திருக்கேன்.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு உக்காந்திருக்க?”

எழுந்து வந்துவிட்டேன். ஏன் எழுந்தேன்? அதுதான் இன்னும் எரிகிறது.

டிசம்பர் 18

குழுவில் எழுதிவிட்டேன். “எனக்கு ரோபோ வேண்டாம். என் போன்லேருந்து உங்க விரலை எல்லாம் எடுத்துடுங்க. அந்தப் புள்ளியையும் எடுத்துடுங்க.”

நாத்தனார் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளாக அனுப்பினாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் அடங்கிவிட்டாள்.

சாயங்காலம் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப பூட்டு எதுக்கு?”

“குளியலறைக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? உள்ள போய்க் கொலையா பண்றோம்?”

மகள் களுக்கென்று சிரித்துவிட்டு அறைக்குள் ஓடிவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. “நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு நெஞ்சு படபடங்குது. அது உனக்குத் தெரியுமா?”

தெரியும். அது நடிப்பில்லை. ஆனாலும் — அவருடைய நிம்மதியை நான் ஏன் கைப்பையில் வைத்துச் சுமந்து திரிய வேண்டும்?

டிசம்பர் 19

யாரும் என்னோடு பேசவில்லை. வீடு இவ்வளவு சுகமாக இருந்து நாளாயிற்று.

டிசம்பர் 23

விடுமுறை தொடங்கிவிட்டது. இவர் ஒரு பெட்டியை நீட்டினார். புதுப் போன், விலை கூடியது. விரலே வேண்டாம், முகத்தைப் பார்த்துத் திறக்குமாம். மனசு இளகிவிட்டது. முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை.

“இரு, இரு.” வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். பளிச்சென்று திறந்தது. “எல்லாம் செட் பண்ணிட்டேன், உனக்கு ஒரு தொல்லையும் இல்ல. உன் மூஞ்சியையும் சேத்துக்கலாம்.”

சேத்துக்கலாமாம்!

சண்டை போடவில்லை. போனை வாங்கி, தேடிப் பிடித்து, அந்தப் பொத்தானைத் தொட்டேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா? அட, ஆமாம்!

“ஐயோ, காலையிலேருந்து உக்காந்து பண்ணினேனே!”

“தெரியும். இனி நான் பண்ணிக்கிறேன்.”

“நான் பண்ணித் தரட்டுமாம்மா?” என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

“நீ அங்கயே இரு. தப்பாப் போனாலும் என் தப்பா இருக்கட்டும்.”

தப்பாகத்தான் போனது. பாதிப் பேருடைய எண்கள் காணாமல் போயின. நடுவில் எனக்குத் தெரியாத ஏதோ பாஷைக்கு மாறி, மீட்பதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் என் முகத்தைக் கேட்டது. இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்றது. நரைத்த காதோரம், எண்ணெய் வழிகிற மூக்கு, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சரி என்றது.

புள்ளியை நான் சேர்க்கவில்லை.

ஜனவரி 3

வேலை முடிந்து என் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பேருந்து போகிற வரைக்கும் போனேன். கடைசி நிறுத்தத்தில் ஒரு மரக்கடையும் சாத்திய பள்ளிக்கூடமும். பார்க்க வேறு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தது.

இவர் கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க இருக்க?”

கல்யாணமான புதிதில் இப்படிக் கேட்பார். அப்புறம் கேட்டதே இல்லை. வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்.

“வெளிய இருக்கேன். வரக் கொஞ்ச நேரமாகும்.”

“சரி... சாப்பிட வந்துடுவியா? இல்ல நாங்க சாப்பிடட்டுமா?”

“நீங்க சாப்பிடுங்க.”

திரும்புகிற பேருந்து வந்து நின்றது. நடத்துனர் என்னைப் பார்த்தார். அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.