என் மூக்கில் ஈயாடியது

வைகாசி 12, வியாழன்

என் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் இன்று அக்கரைக் கரும்புத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு வலைக்கூண்டோடு படகுக்குக் காத்திருந்தார். உள்ளே ஒரே ஓர் ஈ.

"ஈ ஓட்டுற உத்தியோகமா அண்ணே?" என்றேன்.

"ஓட்டல தம்பி, வளர்க்கணும். கரும்பைத் துளைக்குற புழுவை இதோட குஞ்சுங்க தின்னுடும். கப்பல்ல வந்ததுல பிழைச்ச தாய் இது ஒண்ணுதான்."

மேசை துடைக்கும் காசிம் அண்ணன் ஈயைக் கண்ட பழக்கத்தில் துண்டை வீசினார். கூண்டு விழுந்து திறந்துகொண்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அது என் மூக்கில்தான் ஆடியது.

கிராணி யாரையும் திட்டவில்லை. "அசையாதே லா தம்பி" என்று கெஞ்சியபடி, கண்ணாடிக் குவளையோடு முழங்காலிட்டு நகர்ந்து வந்தார். ஓர் ஈக்காக ஒரு மனிதர் மூச்சடக்கி நான் பார்த்ததில்லை. நானும் அடக்கினேன். குவளை என் மூக்கைக் கவ்வியது. தாய் பிழைத்தாள்.

இந்நேரம் அவள் அக்கரையில் இருப்பாள். மூக்கு இன்னும் அரிக்கிறது. சொறிய மனமில்லை.