நீ வென்ற வழக்கும் நான் சொல்லாத சாட்சியும்

என் உயிரான மச்சி ஸபீனா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ மௌத்தாகி மூன்று மாதமாகிறது. இன்னும் எனக்கு உன்மீது பொறாமை தீரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சின்ன வயதுக் காய்ச்சலில் இருவருக்கும் ஆளுக்கொரு கால் சூம்பிப்போனது. கல்முனைத் தையல்கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கை மெஷின் சுற்றினோம். அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு முதலாளி கால் மெஷின்களை இறக்கினார். நம்மைக் கூப்பிட்டு, "நொண்டிக் காலால இத மிதிக்கேலா. நாளைக்கு வர வேணாம்" என்றார். மிதித்துக் காட்டுகிறோம் என்றோம். தொடவே விடவில்லை.

நீ வழக்குப் போட்டாய். "நீயும் வா புள்ள. அவர் சொன்னதக் கேட்டது நாம ரெண்டு பேரும்தானே" என்று என் கையைப் பிடித்தாய். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "கோட்டுப் படி ஏறின புள்ளைய ஆரு எடுப்பாங்க?" என்றார் வாப்பா. நான் வரவில்லை. அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினாய். தொழில் நியாய சபைக்குக் கால் மெஷினைக் கொண்டுவரச் செய்து, எல்லோர் முன்னாலும் ஒற்றைக் காலால் மிதித்துச் சட்டைக்கை தைத்துக் காட்டினாயாம். உன்னோடு வந்த மாமி, உன் உம்மா, சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. உன் தையலைவிட என் தையல்தான் நேர் என்று நீயே சொல்லுவாயே. அந்த இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாதா?

தீர்ப்பு வந்த அன்று நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். "வேல திரும்பக் கிடச்சிட்டு மச்சி! வழக்குச் செலவும் முதலாளிதான் கட்டணுமாம். வழக்குக்கு அடகு வச்ச உம்மாட காப்ப மீட்டுரலாம்" என்று மூச்சு வாங்கச் சிரித்தாய்.

"காசுக்குத்தானே போனாய்" என்றேன்.

தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனாய். பிறகு நாம் சரியாகக் கதைக்கவேயில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது நான் வேறொரு கடையில் தைக்கிறேன். அங்கே பாலமுனைப் பெண் ஒருத்தி, வலது கையில் இரண்டு விரல் இல்லாதவள். போன மாதம் என் கண்ணெதிரே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னத்தத் தைப்பாய்?" என்று கேட்டுத்தான் நிறுத்தினார்கள். வீடு தேடி வந்து, "ராத்தா, நீங்க கேட்டீங்கதானே?" என்றாள். ஓம் என்றேன். அவளோடு உன் லோயரிடம் போனால், அவர் வாயில் முதலில் வந்தது உன் பெயர்தான். "ஸபீனா மாதிரி துணிஞ்ச ஆள நான் காணல்ல" என்றார். அப்போதும் எனக்குச் சுருக்கென்று குத்தியது. என்ன பிறவி நான்?

திங்கட்கிழமை அவளோடு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுவேன். கேட்டதைக் கேட்டபடி சொல்வேன், என் வேலை போனாலும் சொல்வேன். அங்கே யாராவது, ஸபீனாவின் வழக்குக்கு வராமல் விட்டவள் நீதானா என்று கேட்டால், தலையைக் குனியாமல், ஓம், நான்தான் என்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்று உன்னோடு வந்திருக்க வேண்டிய,
உன் மாமா மகள்
றஹ்மத்