எண்கள் மட்டும் மிஞ்சிய கடிதம்

12.10.2006, வியாழன்

எங்கள் மகளிர் உதவி மையத்தின் இணையதளத்துக்கு முதல் கடிதம் நேற்று வந்தது. பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், மனம்விட்டு எழுதுங்கள் என்று பக்கத்தில் போட்டது நான்தான். திறந்து பார்த்தால் முப்பது வரியும் கேள்விக்குறிகள். எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. முதல் வரியில் 16. கடைசி வரியில் 20.

டேட்டாபேஸைத் தமிழ் எழுத்தை ஏற்கும் யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். அதற்குள் கடிதங்கள் சேரும் அட்டவணை மட்டும் முன்பே உருவானது, ஆங்கிலம் மட்டும் ஏற்கும் பழைய முறையிலேயே இருந்தது. அதைத் தனியாக மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் மறந்துவிட்டேன். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை அடித்துச் சோதித்தேன், சரியாக வந்தது, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இன்று திருத்தியாயிற்று. போன எழுத்து திரும்பாது.

எங்கள் தவறு, தயவுசெய்து மறுபடி எழுதுங்கள் என்று அனுப்பியவள் திரும்ப வந்து பார்க்கத் தளம் கொடுக்கும் கடித எண்ணுக்குக் கீழே பதில் போட்டேன். ஆலோசனை சொல்லும் கலா பின்னால் நின்று படித்தாள்.

“முப்பது வரி எழுதுனவ இன்னொரு வாட்டி எழுதுவாளாக்கா?”

“எழுதுவா.”

“உங்களுக்கே நம்பிக்க இல்ல. என்னாண்ட சொல்றீங்க.”

16 என்பது வயதா, வருஷக் கணக்கா? 20 தேதி என்றால் இன்னும் எட்டு நாள்தான். மாலைவரை அந்தப் பதிலை யாரும் திறக்கவில்லை. ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து இருக்கைக்காரன் பார்த்துவிடாமல் அடித்திருப்பாள். அனுப்பியதும் திரையில் நான் எழுதிவைத்த வரி வந்திருக்கும்: உங்கள் கடிதம் கிடைத்தது, இனி கவலை வேண்டாம். அந்த வரி மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தெரிந்திருக்கும்.