அம்மாவுக்கு இறங்கிய இலை

மயிலாப்பூர்,
தை 28

சௌபாக்கியவதி ஹம்சாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. என் உடம்பு பரவாயில்லை, ரத்த அழுத்த மாத்திரையை நினைவு வருகிற நாளில் போட்டுக்கொள்கிறேன். அங்கே இங்கிலாந்தில் உங்கள் கெண்டில் பனி கொட்டுவதாக மாப்பிள்ளை சொன்னார், நீங்கள் இரண்டு பேரும் குளிருக்கு அடக்கமாக சுகமாக இருக்க வேண்டும் என்று குளக்கரையில் நின்றபடியே வேண்டிக்கொண்டேன், கோயிலுக்குள் போய் நாளாகிறது. அம்மாவுக்கு வருஷம் திரும்பாததால் இந்தத் தையில் பொங்கல் வைக்கவில்லை, எதிர் வீட்டு மீனாட்சி ஒரு தூக்கில் கொண்டுவந்து கொடுத்தாள், அதை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் பஸ் எல்லாம் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது, நான் கல்லூரிக்கு அரை மணி முன்னதாகவே கிளம்புகிறேன். எனக்கு இன்னும் பதினான்கு மாதம் சர்வீஸ். முதல்வர் நாற்காலியில் விஜயராகவன்தான் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு எட்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவன், அவனை எதிர்த்துப் போட்ட மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவனைப் பற்றி என்னால் பத்துப் பக்கம் எழுத முடியும், ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. நீ என் ஃபோனை எடுப்பதில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிடு.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் உன்னைப் பார்த்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. பச்சை இலையையும் பட்டாணியையும் தின்னச் சொல்லிச் சொல்லியே உன் அம்மாவைக் கொன்றாய், சாதமும் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பை ஆட்டுத் தீனி போட்டு உருக்கிவிட்டாய் என்று சொன்னேன். நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஸ்ரீலக்ஷ்மி தலையை ஆட்டினாள், ஆமாம், வெறும் இலையைத் தின்னா உடம்பு என்னத்துக்காகும் என்றாள். நீ எழுந்தாய். உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினாய், மறுநாள் கிளம்பிவிட்டாய். ஹம்சா, நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதும் இல்லை. கணையத்தில் வந்த புற்று ஒரு வருடமாகவே உள்ளே இருந்திருக்கும், சாப்பாட்டால் வருகிற வியாதி இல்லை இது என்று டாக்டர் என்னிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்போது நீ விமானத்தில் இருந்தாய். நான் அதை உன்னிடம் சொல்லவே இல்லை, சொல்லாமல் வைத்திருந்து, அதற்கு நேர்மாறாக ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் உன் தலையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் தெற்கு மாட வீதியில் பச்சைப் பட்டாணி குவிந்து கிடந்தது. அம்மா எப்போதும் காய் வாங்குகிற கபாலி கடை முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இன்னா சார், பட்டாணியப் பாத்துக்கினு அப்டியே நிக்கிற, அம்மா இருந்தா இந்நேரம் கூடையவே கவுத்துருக்கும் என்றான். நான் ஏதோ சொல்ல வேண்டுமே என்று, அந்தப் பட்டாணியும் இலையும்தானே அவளை இப்படிப் பண்ணியது என்றேன். அவன் தராசைக் கீழே வைத்துவிட்டான். இன்னா சார் இப்டி சொல்ற, போன மாசியிலயே அம்மா சொல்லிச்சு, கபாலி, சோத்தப் பாத்தாலே கொமட்டுது, இந்தப் பட்டாணியும் அந்த எலையும்தான் உள்ள போவுது, புழு இல்லாம பொறுக்கிக் குடுன்னுச்சு, வயித்துல இன்னாமோ கீதும்மா, டாக்டராண்ட போன்னு நானே சொன்னேன் என்றான். அதற்கு அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா. சாராண்ட சொல்லிட்டேன், அவரு கேஸு எழுதிக்கினு கீறாரு, முடியட்டும்னுச்சு என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், பிறகு அடுத்த ஆளுக்குக் கத்திரிக்காய் நிறுக்கத் திரும்பிவிட்டான்.

அவள் சொன்னது உண்மை. அந்த மாசியில்தான் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜை முழுக்க மனுவின் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு நான் ஒன்பதாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன்னா, சாதம் சாப்பிட்டா இங்க அடைக்கறது, முதுகு வரைக்கும் இழுக்கறது, டாக்டர்கிட்ட ஒரு நடை போயிண்டு வரலாமா என்று கேட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. ஆடு தின்கிறதைத் தின்றால் வயிறு அப்படித்தான் இருக்கும், உன் பெண்ணைக் கேள், அவள்தானே இந்த வீட்டு டாக்டர் என்றேன். சரி, உங்க வேலையைப் பாருங்கோ என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆடி மாதம் மயங்கி விழுகிற வரையில் வயிற்றைப் பற்றி என்னிடம் அவள் பேசவே இல்லை. நடுவில் சித்திரையில் தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தாள், எல்லோரும் நீரஜா எப்படி இளைத்துவிட்டாள் பார் என்று மெச்சினார்கள். நீ கூட வீடியோவில் பார்த்துவிட்டு அழகாயிட்டேம்மா என்று சொன்னாய், அதையே நினைத்து நீ மருகுகிறாய் என்று மாப்பிள்ளை சொல்கிறார். ஆனால் நீ ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கையகலக் கண்ணாடியில் பார்த்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, நம் முகூர்த்தத்தன்று பார்த்த மாதிரியே இருக்கிறாய் என்றேன். முப்பத்தொரு வருடத்தில் அவளை நான் புகழ்ந்து சொன்ன வார்த்தை வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அந்த ஒன்றையும் அவளுடைய நோய்க்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தும் இரண்டு வாரம் சும்மாதான் இருந்தேன், என் குணம் உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பரத்வாஜ் ஃபோன் செய்தார். மாமா, அவ சரியா சாப்பிடறதே இல்லை, கடையில அந்த இலை வெச்சிருக்கற பக்கம் போறதில்லை, எட்டு கிலோ குறைஞ்சிருக்கா, கேட்டா அம்மா நான் சொன்னதைத்தானே சாப்பிட்டாங்கறா என்று சொல்லிவிட்டு, தப்பா நினைச்சுக்காதீங்கோ, உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது என்றார். அவர் நல்ல பிள்ளை, கல்யாணத்தின்போது அவருடைய அப்பாவிடம் நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராவதாக இருந்தால் என் எண்ணையே வைத்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மாவின் சமையல் நோட்டை எடுத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டது, பச்சை மையில் இருக்கிறது. எண்டைவ், வெள்ளையாகக் கூம்பு மாதிரி இருக்கும், வாழைப்பூ மாதிரி மடல் மடலாகக் கழற்றணும், நடுவிலிருந்து கள்ளன் நரம்பு எடுக்கிற வேலை கிடையாது, அடிக்கட்டையைக் குடைந்து எடுத்தால் கசப்பு குறையும் என்று எழுதியிருக்கிறாள். பட்டாணி உரித்துக் கொதிக்கிற ஜலத்தில் இரண்டு நிமிஷம், உடனே ஐஸ் ஜலம். எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெய், மிளகு. உப்பு கடைசியில், முன்னாலேயே போட்டால் இலை ஜலம் விட்டுக்கும். இந்தக் கடைசி வரியை நான் கல்லூரியில் இருபத்தெட்டு வருடமாகச் சவ்வூடுபரவல் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லித் தருகிறேன், அவள் அதை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

அடையாறில் வெளிநாட்டுக் காய் விற்கிற கடைக்குப் போய் எண்டைவ் கேட்டேன். கடையில் இருந்த சரண்யா என்கிற பெண், முன்னாடி ஒரு அம்மா வாராவாரம் வந்து வாங்குவாங்க, அவங்க வரதில்ல, அதனால சொல்லிவெச்சாத்தான் சார் எடுப்போம் என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. மூன்று நாள் கழித்து நீலக் காகிதத்தில் சுற்றி இரண்டு கொடுத்தாள். முதல் நாள் பாழாக்கினேன். மடலைக் கழற்றிப் பட்டாணியையும் போட்ட பிறகு, ஒன்றையும் அடுப்பில் காட்டாமல் எப்படிச் சாப்பிடுவது என்று மனசு கேட்கவில்லை, கோசுமல்லிக்குச் செய்கிற மாதிரி எண்ணெய் காய்ச்சிக் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டிவிட்டேன். இலை ஈரத்துணி மாதிரி சுருண்டு பழுப்பாகிவிட்டது, கசப்பு வேறு தூக்கலாகத் தெரிந்தது, வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. மறுநாள் இன்னொன்றை நோட்டில் இருக்கிறபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் செய்தேன். செய்து முடித்துத் தட்டில் போட்டு முன்னால் வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு வாசனையே இல்லை, ஹம்சா. ஆவி இல்லை, தாளிதம் இல்லை, புளி கொதிக்கிற நெடி இல்லை. சில்லென்று இருக்கிறது, கடித்தால் கொஞ்சம் கசந்துவிட்டுப் பட்டாணி தித்திக்கிறது, அவ்வளவுதான். சாதத்தைப் பார்த்தாலே குமட்டுகிறவளுக்கு உலகத்தில் வேறு என்ன இறங்கும். தினமும் ராத்திரிக்கு எனக்கு ரசம் வைத்துத் தாளித்துக் கொட்டிய கையோடு பால்கனிக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பாள், தெருவை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஆகாததைத் தினமும் எனக்காகச் செய்துவிட்டு, தனக்கு ஆகிற ஒரே சாப்பாட்டைச் செய்துகொண்டு வந்து உட்காருவாள், அதைப் பார்த்து நான் ஆட்டுத் தீனி என்று சொல்வேன். மாசியிலிருந்து ஆடி வரையில் அவள் உயிரோடு நடமாடியது நீ சொல்லிக்கொடுத்த அந்தத் தட்டினால்தான்.

அன்றைக்கே கிளம்பி நங்கநல்லூருக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோரிடமும்தான் போய் எடுக்க வேண்டும், முதலில் தலையை ஆட்டியவளிடம் ஆரம்பிக்கலாம் என்று போனேன். உன் பெரியம்மாவோடு எனக்குப் பத்து வருடமாகச் சரியான பேச்சு கிடையாது, ஆனாலும் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். ஹம்சா மேல் எந்தத் தப்பும் இல்லை, நீரஜா என்னிடம் வந்து சொன்னாள், நான் காது கொடுக்கவில்லை, அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் குழந்தை மேல் போட்டேன் என்றேன். அவள் டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு, நானும் சேர்ந்துண்டு ஆமாம் போட்டேனே, அந்தப் பொண்ணு ஒரு வாய் ஜலம் கூட குடிக்காம வாசப்படி இறங்கித்து, இதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம், அவகிட்ட சொல்லுங்கோ என்றாள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அன்று கூடத்தில் இருந்த மற்ற ஆறு பேரில் நான்கு பேரிடம் நேரில் போய்ச் சொல்லியாகிவிட்டது, இரண்டு பேர் வெளியூர், அவர்களுக்கும் எழுதிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை அது, யாரையும் நான் மன்னித்த பழக்கமும் இல்லாததால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நீ என்னோடு பேச வேண்டாம், வருஷாப்திகத்துக்கு வர வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை, வந்தால் உன் அறை பெருக்கித் துடைத்துத் தயாராக இருக்கும். ஆனால் அம்மாவைப் பற்றி நினைக்கிறபோது நான் சொன்னதை நினைக்காதே. அவள் கஷ்டப்பட்ட காலத்தில் அவளுக்குச் சோறு போட்டவள் நீ. இதை மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு, நாளைக்கு உனக்கு மறுபடி சந்தேகம் வந்தால் எடுத்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

நீயும் அவரும் தீர்க்காயுசாக, மனசில் பாரம் இல்லாமல் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடுகிற தொப்பி இல்லாமல் சைக்கிளில் போகாதே. முக்கியமானது ஒன்று. எட்டு கிலோ குறைந்திருக்கிறாய் என்கிறார், அது துக்கத்தினால்தான் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே, யாராவது இளைத்து அழகாக இருக்கிறாய் என்று சொன்னால் சந்தோஷப்படாதே. அம்மாவுக்கு என்ன வந்தது என்பதையும் சொல்லி, இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. எனக்கு நீ எழுத வேண்டாம், டாக்டர் சொன்னதை மட்டும் மாப்பிள்ளையை விட்டு எனக்குச் சொல்லச் சொல். எந்த நேரமானாலும் பரவாயில்லை, கையில் எந்த வேலை இருந்தாலும் வைத்துவிட்டுக் கேட்பேன்.

உன் அப்பா,
சுப்பராமன்